உள்ளானும் குறும்பூழும்: கொங்கு மண்ணில் வேட்டைப் பறவைகளின் வரலாறு

ஒரு நாட்டின் வரலாற்றை மெய்க்கீர்த்திகளையும் கல்வெட்டுகளையும் கொண்டு எழுதுவது ஒரு முறை. அந்நாட்டு மக்கள் எதனை உண்டனர், எதனை விலக்கினர், எதனைப் பிடிக்கும் உரிமை யாருக்கு இருந்தது என்பனவற்றைக் கொண்டு எழுதுவது மற்றொரு முறை. முதல் முறையில் அரசர்கள் பேசுவர்; இரண்டாம் முறையில் அடுக்களையும் காடும் பேசும். கொங்குநாட்டைப் பொறுத்தவரை இரண்டாம் முறையில் எழுதப்பட வேண்டியவை மிகுதி. அவற்றுள் ஒன்று வேட்டைப் பறவைகளின் வரலாறு.

கொங்கு நிலம் ஒருபுறம் நீலகிரியின் குளிர்ந்த சோலைகளையும், மறுபுறம் நொய்யல், அமராவதி ஆறுகளுக்கு இடைப்பட்ட வறண்ட மேய்ச்சல் காடுகளையும் கொண்டது. மலையில் ஒரு பறவை வெள்ளையர் விருந்து மேசைக்குச் சென்றது. சமவெளியில் ஒரு பறவை உழவர் வீட்டு மண்சட்டிக்குச் சென்றது. முன்னது ‘வுட்காக்’ என ஆங்கிலேயர் வழங்கிய உள்ளான் இனப் பறவை. இங்கு எளிமை கருதி அது ‘சோலை உள்ளான்’ எனச் சுட்டப்படுகிறது. பின்னது, சங்கச் சான்றோர் குறும்பூழ் என்றும் இன்றுள்ளோர் காடை என்றும் வழங்கும் சிறு பறவை. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கும்போது, வேட்டை என்னும் ஒரே சொல்லுக்குள் இருவேறு உலகங்கள் அடங்கியிருப்பது புலனாகும்.

சங்க இலக்கியத்தில் வேட்டைப் பறவைகள்

தமிழர் ஊன் உணவைப் பற்றிப் பேச நாணியவர் அல்லர். பத்துப்பாட்டுள் ஆற்றுப்படை நூல்கள் நிலந்தோறும் விருந்தினர் பெறும் உணவை வகைப்படுத்திக் கூறுகின்றன. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியில் உடும்பின் இறைச்சியும், மருத நிலத்து உழவர் இல்லத்தில் வீட்டுக் கோழியின் இறைச்சியும் பாணனுக்குக் கிடைக்கின்றன. உணவு நிலத்தின் அடையாளமாக நின்றது. யார் எதனை உண்டனர் என்பதில் இழிவோ உயர்வோ கற்பிக்கப்படவில்லை.

சிவல், இதல், குறும்பூழ் என்னும் பறவைப் பெயர்கள் தொகை நூல்களில் பயில்கின்றன. சிவல் கௌதாரி இனத்தையும் குறும்பூழ் காடையையும் குறிக்கும் என்பர். இவற்றுள் குறும்பூழ் இரு வேறு நிலைகளில் வருவது கருதத்தக்கது. கலித்தொகையின் 95-ஆம் பாடலில், பரத்தையரிடம் சென்று திரும்பும் தலைவன், தான் குறும்பூழ்ப் போர் காணச் சென்றதாகக் காரணம் கூறுகிறான். காடைகளைப் போரிட விட்டுக் களிக்கும் வழக்கம் அக்காலத்தே இருந்தமை இதனால் அறியலாகும்.

குறுந்தொகையின் 389-ஆம் பாடலோ வேறு வகையது. வேட்டகண்ணன் என்னும் புலவர் பாடியது அது. தலைவன் மணத்திற்கு முற்பட்டான் என்னும் நற்செய்தியைக் குற்றேவல் மகன் ஒருவன் வழியே அறிந்த தோழி, அச்செய்தி தந்தவன் நெய் மிக்க குறும்பூழ்க் கறியோடு கூடிய உணவைப் பெறுக என வாழ்த்துகிறாள். ஏவல் செய்யும் எளியவன் ஒருவனுக்கு அளிக்கக்கூடிய உயர்ந்த பரிசாக ஒரு காடைக் கறி இங்கு நிற்கிறது. அவளது மகிழ்ச்சியின் அளவைக் காட்டுவதற்குப் பொன்னும் மணியும் தேவைப்படவில்லை; ஒரு வேளைச் சோறும் அதனோடு ஒரு சிறு பறவையின் கறியும் போதுமாயின. உ.வே. சாமிநாதையர் குறுந்தொகையை 1937-இல் பதிப்பித்தபோது, இத்தகைய அடுக்களைச் செய்திகளும் காதற் செய்திகளோடு மீண்டும் வெளிச்சம் பெற்றன.

இப்பெயர்கள் எந்தெந்தப் பறவையைக் குறிக்கும் என்பதனை உயிரியல் அறிவோடு ஆராய்ந்தவர் பி.எல். சாமி. 1976-இல் வெளிவந்த ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ என்னும் அவரது நூல், பாடலைப் படிப்பவர் வயலையும் காட்டையும் பார்க்க வேண்டும் என்னும் கடப்பாட்டைத் தமிழாய்வுக்கு உணர்த்திய நூல் எனலாம்.

கொங்குச் சமவெளியின் காடையும் கௌதாரியும்

சங்கப் பாடலின் குறும்பூழ் கொங்குநாட்டில் பெயரளவில் மட்டும் எஞ்சவில்லை. கொங்கு வேளாளரின் குலங்களுள் காடை குலம் ஒன்று. காங்கேயத்தை அடுத்துக் காடையூர் என்னும் ஊர் உள்ளது. ஒரு பறவை குலப்பெயராகவும் ஊர்ப்பெயராகவும் வழங்குமெனின், அப்பறவை அம்மக்களின் வாழ்வில் எத்துணை நெருங்கியிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அந்நெருக்கத்திற்கு நிலமே காரணம். காங்கேயம், தாராபுரம், பல்லடம் வட்டாரங்களில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டு வந்தன. கிளுவை முள்வேலி சூழ, வெள்வேல மரங்கள் ஆங்காங்கே நிற்க, இடையில் கொழுக்கட்டைப் புல் வளரும் நிலம் அது. காங்கேயம் காளைகள் உருவானது இந்நிலத்தில்தான். மாட்டுக்கென அமைந்த அவ்வேலியும் புல்லும் காடைக்கும் கௌதாரிக்கும் புகலிடமாயின. வேலியடியில் முட்டையிட்டு, புல் விதையும் கறையானும் தின்று, ஆள் அரவம் கேட்டால் பறப்பதினும் ஓடி ஒளிவதையே விரும்பும் இயல்புடையவை இப்பறவைகள்.

இவற்றைப் பிடிக்கும் கலையில் வல்லவர்கள் நரிக்குறவர், குருவிக்காரர் எனப்படும் மக்கள். தொழிலே பெயரான இம்மக்கள் கண்ணியும் வலையும் வைத்துப் பிடிப்பதோடு, பழக்கிய கௌதாரி ஒன்றைக் கூண்டில் வைத்துக் கூவச் செய்வர். தன் எல்லைக்குள் வேற்றுக் கௌதாரி புகுந்துவிட்டது எனச் சினந்து போரிட வரும் காட்டுக் கௌதாரி கண்ணியில் சிக்கும். பறவையின் இயல்பை நுணுகி அறிந்தவர்க்கே இயலும் செயல் இது. இம்மக்கள் தமிழ்நாட்டில் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டது 2023-ஆம் ஆண்டிலேதான் என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

சமவெளி அடுக்களையில் இப்பறவைக்குச் செய்யும் பக்குவம் எளியது. சிறகு நீக்கி, அனலில் வாட்டி, குடல் முதலியன களைந்து, மஞ்சள் பூசிக் கழுவுவர். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் வதக்கி, அரைத்த கொத்தமல்லி விதையோடு கறியைச் சேர்த்து, நீர் சுண்டுமளவும் வேகவிட்டு, தேங்காய் சேர்த்து இறக்குவர். பட்டை, கிராம்பு முதலியவற்றின் ஆட்சி கொங்குப் பழஞ்சமையலில் குறைவு. எண்ணெயும் நெய்யும் இடம் மாறினவே ஒழிய, தோழி வாழ்த்திய உணவுக்கும் இதற்கும் இடைவெளி பெரிதன்று.

மலைக்கு வரும் விருந்து

இனி நீலகிரியை நோக்குவோம். கோயமுத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் அம்மலைமீது ஏறினார். 1820களில் உதகமண்டலத்தில் வெள்ளையர் குடியிருப்பு தோன்றியது. 1868-இல் தனி ஆணையரின் கீழ்ப் பிரிக்கப்படும் வரை நீலகிரியின் பெரும்பகுதி நெடுங்காலம் கோயமுத்தூர் மாவட்ட ஆட்சிக்கு உட்பட்டே இருந்தது. எனவே உதகையின் வேட்டை வரலாறு கொங்குநாட்டு வரலாற்றுக்குப் புறம்பானதன்று.

அங்குக் குடியேறிய ஆங்கிலேயர், தம் நாட்டை நினைவூட்டும் குளிரைக் கண்டு மகிழ்ந்தனர். அதனினும் அவர்களை மகிழ்வித்தது, தம் நாட்டுப் பறவையே ஆண்டுதோறும் அம்மலைக்கு வந்தமை. சோலை உள்ளான் கோடையில் இமயமலையிலும் வட ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் குஞ்சு பொரிப்பது. பனிக்காலம் தொடங்கும்போது அவற்றுள் சில தெற்கு நோக்கிப் பறந்து, நீலகிரியையும் அதனையொட்டிய மேற்கு மலைகளையும் அடைகின்றன. வேனில் பிறக்குமுன் வடக்கே திரும்பிவிடுகின்றன. சமவெளியின் வெப்பத்தில் தங்காது, இமயத்துக் குளிரிலிருந்து நீலகிரிக் குளிருக்குத் தாவும் இவ்விருந்து, புல்வெளிகளுக்கிடையே பள்ளங்களில் அடர்ந்திருக்கும் சோலைகளின் ஈர மண்ணை நாடியே வருகிறது.

அதன் உடலமைப்பு வியப்புக்குரியது. ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள அது, உதிர்ந்த சருகின் நிறத்தையே தன் நிறமாகக் கொண்டது. காலடியில் கிடந்தாலும் கண்ணுக்குத் தோன்றாது. நீண்ட அலகின் நுனி உணர்வு மிக்கது. மண்ணுக்குள் அலகைச் செலுத்தி, நுனியை மட்டும் திறந்து மண்புழுவைப் பற்றவல்லது. கண்கள் தலையின் மேற்புறத்தே பின்னோக்கி அமைந்திருப்பதால், அலகு மண்ணுள் இருக்கும்போதும் பின்னால் வரும் பகையைக் காண இயலும். பகலெல்லாம் சருகிடை அசையாது கிடந்து, அந்தி மயங்கும்போது இரை தேடப் புறப்படும்.

பறவை நூலோர் இதனைக் குறித்து வைத்தனர். நீலகிரிப் பறவைகளை ஆராய்ந்த மருத்துவர் டி.சி. ஜெர்டன் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட ‘இந்தியப் பறவைகள்’ என்னும் நூலிலும், பின்னாளில் காங்கிரசுப் பேரியக்கம் தோன்றக் காரணமாக இருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், மார்ஷலுடன் இணைந்து 1879 முதல் 1881 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட வேட்டைப் பறவைகள் நூலிலும் இது இடம்பெற்றது. பறவையைச் சுட்டு, அளந்து, பாடம் செய்து, பின்னரே அறிவது அக்கால அறிவியல் முறை. இன்று நம் பறவையறிவின் அடித்தளமாக உள்ள நூல்கள் துப்பாக்கியின் துணையோடு எழுதப்பட்டவை என்பதை மறைத்தல் ஆகாது.

சுடுதலும் சமைத்தலும்

சோலை உள்ளான் வேட்டை எளிதன்று. சுடுபவர் சோலையின் ஓரத்தே நிற்பார். கூலிக்கு அமர்த்தப்பட்ட உள்ளூர் ஆட்கள் சோலைக்குள் புகுந்து, தடியால் புதர்களைத் தட்டியும் குரல் எழுப்பியும் பறவையைக் கலைப்பர். நாய்களும் இதற்குப் பழக்கப்பட்டன. ‘காக்கர்’ என்னும் ஒரு வகை நாய்க்கு அப்பெயரே வுட்காக் வேட்டையால் வந்தது. கிளம்பும் பறவை நேர்கோட்டில் பறவாது. மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து சென்று கணப்பொழுதில் மறையும். அதனைச் சுட்டு வீழ்த்துதல் பெருமைக்குரிய செயலாக ஆங்கிலேயரிடையே கருதப்பட்டது. இப்பெருமைக்கு முரணாக, அவர்கள் மொழியில் அப்பறவையின் பெயர் ஏமாளியைக் குறிக்கும் வசைச் சொல்லாகவும் வழங்கியது. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் கண்ணியில் சிக்கும் பறவையாக அது உவமிக்கப்படுகிறது. துப்பாக்கி பரவுமுன் அந்தியில் தாழப் பறக்கும் பறவையை வலையில் எளிதாகப் பிடித்தமையே அவ்வசைக்குக் காரணம் என்பர்.

சமைக்கும் முறையோ தமிழ் அடுக்களைக்கு முற்றும் மாறானது. சுட்ட பறவையைச் சில நாள் தொங்கவிடுவர். சிறகு நீக்கிய பின் குடலைக் களையாமலே வைப்பர். இரைப்பையை மட்டும் எடுப்பாரும் உண்டு. தனியே கம்பி தேடாது, பறவையின் நீண்ட அலகையே அதன் தொடைகளின் ஊடே செலுத்திக் கட்டுவர். கடுந்தீயின்முன் சிறிது நேரமே வாட்டி, ஒழுகும் கொழுப்பை ஏற்க அடியில் வாட்டிய ரொட்டித் துண்டை வைப்பர். பின்னர்க் குடற்பகுதியை வெண்ணெயுடன் மசித்து அந்த ரொட்டியின்மேல் தடவி உண்பர். மேல் எழும்போதே இப்பறவை தன் குடலை வெறுமையாக்கிவிடும் என்னும் நம்பிக்கை இதற்கு அடிப்படை. சென்னை மாகாணத்து ஆங்கிலேயர் இல்லங்களில் அடுப்படியில் நின்றவர்கள் பெரும்பாலும் இந்நாட்டவரே. ‘வைவர்ன்’ என்னும் புனைபெயரில் கென்னி ஹெர்பர்ட் 1878-இல் வெளியிட்ட சமையல் நூல், அத்தகைய சென்னை இல்லங்களின் தலைவியரை முன்னிட்டு எழுதப்பட்டதே. தன் வீட்டில் குடல் களைந்து மஞ்சள் பூசிக் கழுவும் ஒருவர், துரை வீட்டில் குடலையே சுவைப்பொருளாக்கிப் பரிமாறினார். தூய்மை, சுவை என்பன இயற்கையாய் அமைந்தவை அல்ல, வழக்கால் அமைந்தவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

இப்பறவையின் இறகு பற்றிய செய்தி ஒன்று கவிஞர்க்கு உவப்பளிக்கும். இறக்கையின் விளிம்பில் உள்ள சிறு கூர் இறகை ஐரோப்பிய நுண்ணோவியர் தூரிகையாகப் பயன்படுத்தினர். உண்டபின் எஞ்சிய இறகு ஓவியம் எழுதிற்று.

யாருக்கு வேட்டை உரிமை?

உதகையைச் சூழ்ந்த காடுகளில் வேட்டை விலங்குகள் அருகியபோது, 1877-இல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கும் சங்கம் ஒன்று நீலகிரியில் அமைந்தது. அதனைத் தொடர்ந்து 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. குறிப்பிட்ட பருவங்களில் வேட்டையைத் தடை செய்யும் அதிகாரத்தை அது அரசுக்கு அளித்தது. இந்தியாவில் காட்டுயிர்ப் பாதுகாப்பிற்கு எழுந்த முற்பட்ட சட்டங்களுள் இதுவும் ஒன்று. நீலகிரி வரையாடு இன்றுவரை பிழைத்திருப்பதில் அதற்குப் பங்குண்டு என்பது நேர்மையாக ஒப்பத்தக்கது.

எனினும் அச்சட்டத்தின் பின்னணியில் நின்ற மனப்பாங்கு ஆராயத்தக்கது. விளையாட்டிற்காகச் சுடுபவன் பண்பாளன். வயிற்றுக்காகப் பிடிப்பவன் அழிப்பவன் என்னும் பாகுபாடு அக்கால வேட்டை எழுத்துகளில் ஊடுருவி நிற்கிறது. தோடர் வழிவழியாக ஊன் உண்ணாதவர், வேட்டையாடாதவர். குறும்பர் முதலியோர் காட்டை நம்பி உணவு தேடியவர். காட்டோடு வாழ்ந்த இவர்கள் சட்டம் இயற்றிய அவையில் இல்லை. சோலைக்குள் புகுந்து பறவையைக் கலைத்தவன் கையிலும் துப்பாக்கி இல்லை. அவன் குரல் எந்த வேட்டைக் குறிப்பிலும் இல்லை. குறுந்தொகைத் தோழி ஏவலாளனுக்குப் பறவைக் கறியை வாழ்த்தாக அளித்தாள். உதகை விருந்திலோ ஏவலாளன் பறவையைக் கலைத்தான், சுமந்தான், சமைத்தான், உண்டவன் வேறொருவன். இவ்வேறுபாடே இவ்வரலாற்றின் மையம்.

விடுதலைக்குப் பின் 1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம் பெற்று வேட்டையாடும் வழி 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அடைக்கப்பட்டது. இன்று சோலை உள்ளானாயினும் காடையாயினும் கௌதாரியாயினும் காட்டுப் பறவையைப் பிடிப்பது குற்றம். கடைகளில் காடை எனக் கிடைப்பது பண்ணையில் வளர்க்கப்படும் சப்பானியக் காடை. 1974-இல் உத்தரப்பிரதேசத்து இசத்நகர் ஆய்வு நிலையத்திற்குக் கொண்டுவரப்பட்ட அது, ஐந்தாறு வாரங்களில் விற்பனைக்குரிய எடையை அடைவது. பெயர் ஒன்றே, குறும்பூழ் வேறு, இது வேறு.

துப்பாக்கி ஓய்ந்த பின்

வேட்டை நின்றதனால் பறவைகள் பெருகியிருக்க வேண்டும் என எண்ணுவது இயல்பு. ஆயின் துப்பாக்கி அழித்ததினும் நிலமாற்றம் அழித்ததே மிகுதி. நீலகிரியில் 1843 முதல் தைல மரமும் பின்னர்ச் சீகை மரமும் ஆங்கிலேயரால் நடப்பட்டன. விடுதலைக்குப் பின் அவை மேலும் பரந்து புல்வெளிகளை விழுங்கின. அம்மரங்களுள் பெரும்பகுதி மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையில் இயங்கிய விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழாயிற்று, மரக்கூழ் இழையாயிற்று. அவ்வாலையின் கழிவு பவானியைக் கெடுத்ததாக 1990களில் எதிர்ப்பு எழுந்ததும், பின்னர் ஆலை மூடப்பட்டதும் கொங்கு மக்கள் அறிந்தவை. சோலை உள்ளானின் நிலம் நாம் உடுத்தும் ஆடைக்காகவும் குறைந்தது என்பது நெசவும் பின்னலும் சார்ந்த ஊரினர் எண்ணிப் பார்க்க வேண்டிய உண்மை.

சமவெளியின் கதையும் இதுவே. திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் வழியில் அமைந்த வீரபாண்டியைச் சூழ்ந்த புன்செய் நிலங்கள், பின்னலாடைத் தொழில் வளர வளர ஆலைகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறின. வேலை பல்லாயிரம் குடும்பங்களை வாழ வைத்தது. அதனைக் குறைத்துக் கூறுவது நன்றியின்மை. அதே வேளை கிளுவை வேலி மறைந்த இடத்தில் சுற்றுச்சுவர் எழுந்தது. சுவரடியில் காடை முட்டையிடாது. சாயக்கழிவு நொய்யலில் கலந்து, 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டபோது, ஆறும் தொழிலும் ஒரு தராசின் இரு தட்டுகளாயின. அதன்பின் கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாத சுத்திகரிப்பு முறை கட்டாயமாயிற்று.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம் 2022-இல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் பன்னாட்டு ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. குளிர்காலத்தில் அதன் சேற்றோரத்தில் உள்ளான் இனப் பறவைகள் அலகால் மண்ணைத் துழாவுவதை இன்றும் காணலாம். நீலகிரிச் சோலைகளில் எஞ்சிய ஈர நிலத்திற்குச் சோலை உள்ளானும் ஆண்டுதோறும் வருகிறது. அதனைக் காண இப்போது துப்பாக்கி வேண்டா, பொறுமை போதும்.

முடிவுரை

கொங்குநாட்டு வேட்டைப் பறவைகளின் வரலாறு மூன்று நிலைகளைக் காட்டுகிறது. நிலத்தோடு ஒன்றி உண்ட காலம் ஒன்று. ஆள்வோன் விளையாட்டாகச் சுட்டு, ஆளப்பட்டோனின் பசியைக் குற்றமாக்கிய காலம் மற்றொன்று. எவரும் சுடாதபோதும் பறவை குறையும் காலம் மூன்றாவது. மூன்றாம் நிலையில் குற்றவாளி எனச் சுட்ட ஒருவரும் இல்லை. எல்லாரும் ஆடை உடுத்துகிறோம், எல்லாரும் வீடு கட்டுகிறோம்.

இங்குக் கவிஞர்க்கு ஒரு பணி உண்டு. குறும்பூழ், சிவல், இதல் என்னும் சொற்களைப் பழமையின் அணிகலனாகக் கவிதையில் பூட்டுவது எளிது. அப்பறவை எவ்வேலியடியில் வாழ்ந்தது, எக்குரலில் கூவிற்று, யார் கண்ணியில் சிக்கிற்று, யார் கலத்தில் விழுந்தது என்பதை அறிந்து எழுதுவது அரிது. அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் தமிழிலும் ஆங்கிலத்திலும் பறவைகளைப் பற்றி எழுதியபோது, முதலில் பார்த்தார், பிறகே எழுதினார். வேட்டகண்ணன் குறும்பூழை நன்கறிந்தே பாடியிருத்தல் வேண்டும். அதனாலேயே அவன் பாட்டில் இன்றும் நெய்மணம் வீசுகிறது. வேலியும் புல்லும் முற்றும் மறையுமுன், காடை கூவும் ஒரு கொறங்காட்டை நேரிற் கண்டு எழுதப்படும் ஒரு கவிதை, நூறு ஆண்டுகளுக்குப் பின் வரும் ஆய்வாளனுக்குக் கல்வெட்டாகும்.